ஓரம் கனக்கக் கூடாது

பட்டு ஷிஃபான் துணியில் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 26 முதல் 35 கிராம் வரைதான் எடை இருக்கும். ஐந்தரை மீட்டர் சேலை முழுவதையும் மடித்துத் தராசில் வைத்தாலும் கால் கிலோவைத் தொடாது. அந்தச் சேலையை நாம் ஆசைப்பட்டு வாங்குவதற்குக் காரணமே, அது தோளில் கனமின்றி வழிந்து, நடக்கும்போது காற்றோடு அசைவதுதான். அதன் முந்தானை ஓரத்தில் தடித்த நூலைக் கொண்டு நெருக்கமாக ஜிக்ஜாக் அடித்துவிட்டால், துணி முழுவதும் துவண்டு விழ, ஓரம் மட்டும் உள்ளே கயிறு கோத்தது போல விறைத்து மேலெழுந்து நிற்கிறது. பல வீடுகளில் நல்ல ஷிஃபான் சேலைகள் இப்படி ஓரத்தில் கெட்டுப்போயிருப்பதைப் பார்க்கிறேன். சேலை சரியாக விழவில்லை என்பது உடுத்துபவருக்குத் தெரிகிறது. காரணம் ஓரத்தில் இருப்பது தெரிவதில்லை.

மெல்லிய துணிக்கு அலங்கார ஓரம் தைப்பது பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இதிலேயே அடங்கிவிடும்: ஓரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் துணியின் துவளலை அது கெடுக்கக் கூடாது. ஊசியின் எண், நூலின் பருமன், மடிப்பின் அகலம், தையலின் நெருக்கம் ஆகிய அனைத்தையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண ஜிக்ஜாக் இயந்திரத்திலேயே இதைச் செய்யலாம். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு இயந்திரத்திலும் இதில் கணிசமான பகுதியைச் செய்ய முடியும் என்பதால், பாட்டி காலத்து இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம்.

முதலில் துணியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் கையில் நில்லாமல் வழுக்குவதற்கும் நெளிவதற்கும் காரணம் அவற்றின் நூலில் ஏற்றியிருக்கும் முறுக்கு. மிக அதிகமாக முறுக்கிய இழைகளை வலமுறுக்கும் இடமுறுக்குமாக மாற்றி மாற்றி வைத்து நெய்வதால், ஒவ்வோர் இழையும் தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ளவே பார்க்கிறது. துணியின் மேல் தெரியும் பொடிச் சுருக்கமும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் குணமும் அதனால் வருபவை. ஆர்கன்ஸா இதற்கு நேர்மாறானது. பட்டு ஆர்கன்ஸாவில் இழையின் இயற்கைப் பசையை நீக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் கண்ணுக்கு ஷிஃபான் அளவுக்கு மெல்லியதாகத் தெரிந்தாலும் அது விறைப்பாக நின்று ஊசிக்கு அடங்குகிறது. மல்மல் போன்ற பருத்தித் துணிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. கஞ்சி போட்டால் ஆர்கன்ஸாவின் குணத்துக்கு வரும், அலசினால் பழைய மென்மைக்குத் திரும்பும். புதிதாகப் பழகுபவர்கள் மல்மலில் தொடங்கி, ஆர்கன்ஸாவில் கை பழகி, ஷிஃபானைக் கடைசியில் தொடுவதே முறை. நம்மில் பெரும்பாலோர் கையில் முதலில் வந்து சேர்வது என்னவோ ஷிஃபான் துப்பட்டாவாகத்தான் இருக்கிறது.

எந்த ஓரமானாலும் அதன் தலைவிதி வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. சேலையிலும் துப்பட்டாவிலும் நீளப் பக்கம் இரண்டும் பெரும்பாலும் தறியிலேயே கட்டப்பட்ட கரை என்பதால், நாம் தைக்க வேண்டியவை வெட்டுப்பட்ட இரண்டு முனைகள் மட்டுமே: முந்தானை முனை ஒன்று, ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்த பின் மிஞ்சும் உள்முனை மற்றொன்று. இந்த வெட்டு ஊடு இழையின், அதாவது கரையிலிருந்து கரைக்குக் குறுக்கே ஓடும் இழையின், போக்கிலேயே செல்ல வேண்டும். பருத்தியிலும் பட்டிலும் ஓர் ஊடு இழையைக் குண்டூசி முனையால் கிளப்பி மெல்ல உருவினால், இழை போன வழி துணியின் குறுக்கே வெளிறிய கோடாகத் தெரியும். கத்தரி அந்தக் கோட்டை விட்டு விலகாமல் போக வேண்டும். பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில் இழை பாதியிலேயே அறுந்துவிடும். அங்கே வெள்ளைத் தாள் ஒன்றை மேசையில் விரித்து, துணியின் கரையைத் தாளின் விளிம்போடு பொருத்திக் குண்டூசி குத்தி, தாளையும் துணியையும் சேர்த்தே வெட்டுவேன். தாள் துணியை நகரவிடாது. தாளை வெட்டினால் கத்தரி மழுங்கும் என்று தையல்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் மழுங்கிய கத்தரியைச் சாணை பிடித்துவிடலாம், கோணலாக வெட்டிய ஷிஃபானை நேராக்க மேலும் துணியை இழக்கத்தான் வேண்டும்.

வெட்டிய பிறகு ஓரத்துக்குத் தற்காலிகமாகக் கொஞ்சம் விறைப்பு ஏற்ற வேண்டும். பருத்திக்கு நம் வீட்டுக் கஞ்சியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நீர் சேர்த்து நெகிழ்த்தி, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் தடவி, நிழலில் காயவைத்து இஸ்திரி போட்டால் போதும். ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் தெளிவாக இருப்பதால் அடர்நிறத் துணிகளுக்கு ஏற்றது. பட்டு ஷிஃபானுக்குச் சிறிதளவு ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து ஆறவைத்துப் பயன்படுத்தலாம். தைத்து முடித்த பின் வெதுவெதுப்பான நீரில் அலசினால் கரைந்து போய்விடும். நீர் பட்டாலே திட்டுத் திட்டாகக் கறை விழும் பட்டுகள் உண்டு என்பதால் வெட்டி எடுத்த துண்டில் முதலில் பார்த்துக்கொள்வது அவசியம். பாலியெஸ்டரில் கஞ்சி சரியாகப் பிடிக்காது. அதற்கு டிஷ்யூ காகிதத்தை ஒரு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்துத் துணியின் அடியில் வைத்து, சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுத்துவிட வேண்டும். கிழிக்கும்போது தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காகிதத்தைத் தையலை ஒட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் தையல் நெகிழாது.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஊசி உறையின் மீது 60/8, 65/9, 75/11, 90/14 என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் ஊசித் தண்டின் பருமனை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் கூறுவது; 60 என்றால் 0.6 மில்லிமீட்டர், 90 என்றால் 0.9 மில்லிமீட்டர். வீட்டு இயந்திரத்தில் வழக்கமாக மாட்டியிருப்பது, இரண்டாவது எண்ணால் சொன்னால், 14 ஆம் எண் ஊசி. ரவிக்கைக்கும் பாவாடைக்கும் அது சரி. ஷிஃபானில் அதை இறக்கினால், இழைகளுக்கு நடுவில் புகுந்து செல்ல வழியின்றி இழையை இழுத்துக்கொண்டு போகும். தையலிலிருந்து துணியின் உட்புறம் வரை ஓடும் அந்த இழுப்புக் கோடு எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் மறையாது. ஷிஃபானுக்கும் ஜார்ஜெட்டுக்கும் 9 ஆம் எண், மிஞ்சினால் 11. முனை மழுங்காத புதிய ஊசியாக இருக்க வேண்டும், கூர்முனை ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது வீட்டு இயந்திரத்துக்கான, தண்டின் ஒரு பக்கம் தட்டையாக உள்ள ஊசிதானா என்று பார்த்து வாங்குங்கள்; தொழிற்கூட இயந்திரத்துக்கான உருண்டைத் தண்டு ஊசி நம் இயந்திரத்துக்குப் பொருந்தாது.

ஊசி மெலிந்தால் நூலும் மெலிய வேண்டும். நூல்கண்டின் மீது போட்டிருக்கும் எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும். பருத்தி நூலில் 60, 80 என்ற எண்கள் மெல்லிய துணிக்கு ஏற்றவை. பாலியெஸ்டர் நூல் வலுவானது என்றாலும் அதற்கு ஒரு குணம் உண்டு: இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கீழ்நூலுக்கான பாபினில் வேகமாகச் சுற்றும்போதும், இறுக்கமான டென்ஷனில், அதாவது நூலின் இழுப்பைக் கூட்டி வைத்து, தைக்கும்போதும் நீண்டுபோகும் நூல், தைத்து முடித்த பிறகு தன் பழைய நீளத்துக்குத் திரும்பி, கூடவே துணியையும் சுருக்கிவிடுகிறது. தைக்கும்போது நேராக இருந்த ஓரம் மறுநாள் சுருங்கிக் கிடப்பதன் காரணம் பல நேரங்களில் இதுதான். அதனால் பாபினை மெதுவாகச் சுற்றுங்கள். மேல்நூல் டென்ஷனைத் தளர்த்துங்கள். அதற்கேற்பக் கீழ்நூலும் தளர வேண்டுமானால் பாபின் கேஸின் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள்.

நேர்த்தையலுக்கு ஒற்றைத் துளையுள்ள ஊசித்தட்டு கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஜிக்ஜாக் இயந்திரத்தின் தட்டில் உள்ள நீளத் துளை வழியாக ஊசி மெல்லிய துணியையும் சேர்த்துக் கீழே அழுத்திவிடும். தொடக்கத்திலேயே துணி, அதை அடியிலிருந்து நகர்த்தும் பல்லுக்குள் சிக்கிக் கசங்கிக் கிழிவது அதனால்தான். கறுப்பு இயந்திரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதன் தட்டில் இருப்பது எப்போதும் ஒற்றைத் துளைதான். துணியின் விளிம்பில் நேரடியாகத் தொடங்காமல், ஒரு சிறு துண்டுத் துணியில் தையலைத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே நம் துணிக்குள் ஓட்டிச் செல்வதும், முதல் சில தையல்களுக்கு இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கம் பிடித்துக்கொள்வதும் எந்த இயந்திரத்திலும் பயன் தரும்.

இனி ஓரங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையானது சுருட்டு மடிப்பு. இதற்கென்று ரோல்டு ஹெம் ஃபுட் என்ற தனி ஃபுட் (ஊசியின் அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) கிடைக்கிறது. அதன் முன்பகுதியில் சங்குச் சுழியாக ஒரு வளைவு இருக்கும். துணியின் விளிம்பு அந்தச் சுழிக்குள் நுழைந்து, இரண்டு முறை மடிந்து, ஊசியின் முன்னால் வந்து சேரும். 2, 3, 4, 6 மில்லிமீட்டர் என்று பல அகலங்களில் வருகிறது. ஷிஃபானுக்கு 2 மில்லிமீட்டர்தான். அகலமான சுழிக்குள் மெல்லிய துணி நிரம்பாமல் ஆடும்; மடிப்பு ஒரு இடத்தில் இரண்டு சுற்றும் இன்னொரு இடத்தில் ஒரே சுற்றுமாக வரும்.

இதைத் தொடங்கும் இடத்தில்தான் பலரும் மனம் தளர்கிறார்கள் என்பதால் அதை மட்டும் அருகிலிருந்து காட்டுகிறேன். துணியின் தவறான பக்கம் மேலே தெரியட்டும். விளிம்பை ஒரு விரல்கடை நீளத்துக்கு மட்டும் கையாலேயே இரண்டு முறை பொடியாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். சாதாரணமாக ஃபுட்டின் அடியில் வைத்து நான்கைந்து தையல் போட்டு, ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் நிறுத்துங்கள். இப்போது ஃபுட்டைத் தூக்கி, மடிக்காத முன்பகுதி விளிம்பை வலக்கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாக மேல்நோக்கி இழுத்து, இடமிருந்து வலமாக ஒரு சிறு அசைவு கொடுத்தால், விளிம்பு சுழியின் வாய்க்குள் தானாகவே வழுக்கி இறங்கும். ஃபுட்டை இறக்குங்கள். அதன் பிறகு உங்கள் வேலை, விளிம்பு எப்போதும் சுழியை நிரப்பும் அளவுக்கு மட்டும் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொள்வதுதான். துணி அதிகமாக உள்ளே போனால் கையைச் சற்று இடப்பக்கம் சாயுங்கள்; குறைந்தால் வலப்பக்கம். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. சுழியின் வாயையே பார்க்க வேண்டும். ஊசிக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

நேரான ஓரத்துக்கு இந்த ஃபுட் பொருத்தம். குடை வெட்டுப் பாவாடை, வட்டத் துப்பட்டா போன்றவற்றின் வளைந்த ஓரத்தில் பாதி இடம் குறுக்குப் போக்கில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, இருப்பதால் துணி நீண்டு, சுழிக்குள் முறுக்கிக்கொள்ளும். அங்கே ஃபுட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று ஓட்டமாகத் தைப்பதே நல்லது. வெட்டு விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டர் உள்ளே ஒரு நேர்த்தையல். அந்தத் தையலிலேயே மடித்து, மடிப்பின் விளிம்பை ஒட்டி இரண்டாவது தையல். பிறகு சிறு கத்தரியால் மிஞ்சிய துணியை இரண்டாவது தையலுக்கு மிக அருகில் வெட்டிவிட்டு, இன்னொரு முறை மடித்து மூன்றாவது தையல். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஒரு பெரிய வட்டத்தின் ஓரத்தை நெளியாமல், 2 மில்லிமீட்டரைத் தாண்டாமல் முடிக்க வீட்டு இயந்திரத்தில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. வெட்டும் கட்டத்தில் அவசரம் கூடாது. கத்தரியின் முனை அடித்துணியைத் தொட்டுவிட்டால் அத்தனை வேலையும் போச்சு.

சுருட்டு மடிப்புக் கை வந்த பிறகு அதன் மீது அலங்காரம் ஏற்றலாம். எனக்கு மிகவும் பிடித்தது சிப்பி ஓரம். மடித்த விளிம்பின் மீது ஜிக்ஜாக் போட்டு, ஊசி ஒரு பக்கம் மடிப்புக்குள்ளும் மறுபக்கம் விளிம்புக்கு வெளியே வெறும் காற்றிலும் இறங்குமாறு செய்தால், நூல் ஒவ்வொரு முறையும் விளிம்பைச் சுற்றி அணைத்து இழுக்கும். மேல்நூல் டென்ஷனை இப்போது வழக்கத்தைவிடக் கூட்டி வைத்தால், அந்த இழுப்பில் விளிம்பு சிறு சிறு சிப்பிகளாகக் குவிந்து நிற்கும். சிப்பிகளை இன்னும் இடைவெளி விட்டு அமைக்க, பிளைண்ட் ஹெம் தையலைப் பயன்படுத்தலாம். அது சில தையல்கள் நேராக ஓடி, ஒரு முறை பக்கவாட்டில் பாய்ந்து திரும்பும். பல இயந்திரங்களில் அந்தப் பாய்ச்சல் இடப்பக்கம் இருப்பதால், மடித்த விளிம்பை ஊசிக்கு இடப்பக்கமும் துணியின் உடற்பகுதியை வலப்பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். தையல் அகலம் 4 அல்லது 5, நீளம் 2 என்று தொடங்கிப் பார்க்கலாம். சிப்பி ஓரம் குறுக்குப் போக்கில் வெட்டிய துணியில்தான் முழு அழகோடு வரும்; இழைகள் இரண்டும் சாய்ந்து கிடப்பதால் நூல் இழுத்த பக்கம் துணி மறுக்காமல் குவிகிறது. விறைப்பான ஆர்கன்ஸாவில் இதே தையல் சுருக்கமாக மட்டுமே தெரியும், சிப்பியாகாது. நேர்த்தையலுக்கு மட்டுமான குறுகிய துளை ஃபுட்டை மாட்டிக்கொண்டு இதைச் செய்தால் ஊசி ஃபுட்டில் மோதி உடையும் என்பதால், கைச்சக்கரத்தை ஒரு முறை கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும்.

விளிம்பைச் சுற்றி நூலை அணைக்கும் இந்த ஜிக்ஜாக் தையலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹெலன் அகஸ்டா பிளான்சர்ட் என்ற பெண், ஜிக்ஜாக் தையல் இயந்திரத்துக்கு 1873 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். சுவிட்சர்லாந்தின் ஸ்டெக்போர்ன் ஊரில் 1893 ஆம் ஆண்டு கார்ல் ஃபிரெட்ரிக் கெகௌஃப், நிமிடத்துக்கு 100 தையல் போடும் ஹெம்ஸ்டிச் இயந்திரத்தை உருவாக்கினார். பின்னாளில் பெர்னினா என்ற பெயரில் இயந்திரங்கள் செய்த குடும்பம் அது. கையால் இழை உருவி, கட்டுக் கட்டாகக் கட்டி, வரிசையாகத் துளைகள் அமைக்கும் வேலையை அந்த இயந்திரம் செய்தது. அந்தத் துளை வரிசையின் நட்ட நடுவே கத்தரியால் வெட்டினால், இரண்டு பக்கமும் பொடிப் பொடிப் பற்களுடன் ஓரம் கிடைக்கும். 1920களின் ஷிஃபான் உடைகளில் காணப்படும் பீக்கோ ஓரம் அப்படி உருவானதுதான். மடிப்பே இல்லாத ஓரம் என்பதால் அதற்கு எடையே கிடையாது. நம் ஊர்க் கடைகளில் இன்று சேலைக்குப் போடும் பீக்கோ வேறு வகை: விளிம்பைச் சுருட்டி, அதன் மேல் ஜிக்ஜாக் போடுவது. இது உறுதியில் மேலானது, பல முறை துவைத்தாலும் பிரியாது. ஆனால் மடிப்பு, அதன் மேல் நூல் என்று இரண்டும் சேர்வதால், நூலைத் தேர்ந்தெடுப்பதில் அக்கறை இல்லாவிட்டால் நான் முதலில் சொன்ன விறைப்பு வந்துவிடும்.

சேலையைக் கடையில் கொடுப்பதே பலருக்கும் வசதி. அதில் எந்தத் தவறும் இல்லை; பீக்கோ இயந்திரத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் கைச் சீரை வீட்டில் எளிதில் எட்ட முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்டுக் கொடுத்தால் போதும். எங்கள் தெருமுனையில் பீக்கோ போடும் அக்காவிடம் ஒரு பட்டு ஷிஃபானைக் கொண்டுபோய், மெல்லிய நூல் போட முடியுமா என்று கேட்டேன். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மெல்லிசு நூல் போட்டா இந்த வண்டி வேகத்துக்கு நிக்காதும்மா. விட்டுட்டுப் போங்க, கூட்டம் குறைஞ்ச பிறகு மெதுவா ஓட்டித் தர்றேன்" என்றார். சொன்னபடியே தந்தார். கூட்டமான முகூர்த்த நாட்களுக்கு முன்பாக அவசரமாகக் கொடுக்காமல் இருப்பதும், நூல் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பதும் நம் பொறுப்பு.

குழந்தைக்கான ஜபலாவில் இந்த அலங்கார வேலைகளுக்கு ஒரு தனி இடம் உண்டு. மல்மலில் தைத்த ஜபலாவின் கழுத்திலும் கீழ் ஓரத்திலும் ஹெம்ஸ்டிச் துளை வரிசை அமைந்தால், குழந்தையின் தோலில் உறுத்தும் எதுவும் இல்லாமல் அலங்காரம் கிடைக்கிறது. இதற்கு விங் நீடில் எனப்படும், தண்டின் இரண்டு பக்கமும் தகடாக விரிந்த ஊசி தேவை. அது இழையை அறுக்காமல் விலக்கித் துளையை உண்டாக்குகிறது; முன்னும் பின்னுமாகப் போய் ஒரே துளையில் பல முறை இறங்கும் தையலைத் தேர்ந்தெடுத்தால், நூல் அந்த இழைகளை இழுத்துக் கட்டித் துளையை நிலைநிறுத்திவிடும். கஞ்சி போட்ட பருத்தியில் துளை பளிச்சென்று நிற்கும். பாலியெஸ்டரில் விலகிய இழை மீண்டும் தன் இடத்துக்கே வந்துவிடுவதால் இதை முயல வேண்டாம். ஊசி அகலமானது என்பதால் தையல் அகலத்தைக் குறைத்து வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சோதித்துவிட்டு, மிக மெதுவாகத் தைக்க வேண்டும்.

லேஸ் வைக்க விரும்பினால், ஜபலாவுக்குப் பருத்தி லேஸ்தான் வாங்க வேண்டும். நைலான் லேஸ் குழந்தையின் கழுத்தைக் கீறும். லேஸையும் துணியையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கக்கூடியவை. நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, துணியின் வெட்டு விளிம்பு லேஸின் தலைப்பட்டைக்கு, அதாவது துணியோடு இணையும் அதன் நேரான விளிம்புக்கு, வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்குமாறு வையுங்கள். ஜிக்ஜாக்கின் இடப் பாய்ச்சல் லேஸின் தலைப்பட்டையில் இறங்க, வலப் பாய்ச்சல் துணியின் விளிம்பைத் தாண்டி வெளியே இறங்க வேண்டும். ஊசி திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் அந்த 3 மில்லிமீட்டர் துணி தானாகவே சுருண்டு லேஸை நோக்கி உருள்வதைப் பார்க்கலாம். தனியாக மடிப்பதும் இல்லை, பிரியும் விளிம்பும் இல்லை. திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டால் துணியும் லேஸும் ஒரே தறியில் நெய்தவையாகத் தெரியும். மெல்லிய துணிக்கு இயந்திரத்தில் செய்யக்கூடிய ஓர வேலைகளிலேயே மிகவும் நேர்த்தியானது இதுதான் என்பது என் கருத்து. கழுத்து வளைவில் லேஸ் விரிந்து படிய, அதன் தலைப்பட்டையில் ஓடும் தடித்த இழை ஒன்றைப் பிடித்து இழுத்தால் லேஸ் சீராகச் சுருங்கிக் கொடுக்கும்.

வளைவு வளைவாக ஸ்காலப் ஓரம் வேண்டுமென்றால், விளிம்பில் தைக்கவே கூடாது. விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே, அடியில் காகிதம் வைத்து, இயந்திரத்தின் ஸ்காலப் சாட்டின் தையலை ஓட்டி முடித்த பிறகு, வளைந்த முனையுள்ள சிறு கத்தரியால் தையலை ஒட்டி வெளித்துணியை வெட்டி நீக்க வேண்டும். இது நெருக்கமான தையல். நிறைய நூல் ஏறும். ஆர்கன்ஸாவும் கஞ்சி போட்ட மல்மலும் அந்தக் கனத்தைத் தாங்கும். ஷிஃபானுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஓரத்தில் விறைப்பு வேண்டியே தைக்கும் ஒரு வகையும் உண்டு. சிறுமிகளின் ஃப்ராக்கில் ஆர்கன்ஸா, நெட் மடிப்புகள் சுருள் சுருளாக எழுந்து நிற்க, சுருட்டு மடிப்புக்குள் தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் இழையை வைத்து, அதன் மீது ஜிக்ஜாக் போடுகிறார்கள். இழையின் முனைகளைக் கூராக வெளியே விடாமல் மடிப்புக்குள் திருப்பித் தைத்துவிட வேண்டும். குழந்தையின் காலைக் குத்தும்.

சேலையின் கீழ் ஓரத்துக்கு வைக்கும் ஃபால்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுவும் ஓரத்தின் எடைதான். வழக்கமான பருத்தி ஃபால்ஸ் பட்டுச் சேலைக்குப் பொருந்தும். ஷிஃபானின் உடலைவிட அது கனமாக இருப்பதால், சேலையின் உட்புறத்திலிருந்து ஒரு பட்டையாகத் தெரிந்து, கொசுவத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். கிடைக்கும் ஃபால்ஸ்களில் மிக மெல்லியதைத் தேர்ந்தெடுத்து, நீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டு, காய்ந்த பின் கையால் தளர்வாக ஹெம்மிங் போட்டுக்கொள்ளுங்கள். ஃபால்ஸை நனைக்காமல் வைத்தால் முதல் துவையலிலேயே அது சுருங்கி, சேலையின் கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிடும்.

இஸ்திரி போடும்போது சுருட்டு மடிப்பைத் தவறான பக்கத்திலிருந்து, பெட்டியை இழுக்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்த வேண்டும். இழுத்தால் ஓரம் நீண்டு நெளிந்துவிடும். பாலியெஸ்டருக்கு மிதமான சூடு, மேலே ஒரு மெல்லிய துணி. சிப்பி ஓரத்தையும் லேஸையும் தடித்த துண்டை விரித்து அதன் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்புறத்திலிருந்து மட்டும் அழுத்துங்கள்; சிப்பிகள் துண்டின் பஞ்சுக்குள் அமிழ்ந்து தட்டையாகாமல் தப்பித்துக்கொள்ளும்.